பால் மறக்கடித்த மூன்று நாள்

“இருங்க, இன்னொரு பக்கமும் குடிச்சிரட்டும்.”

பங்குனி முடியப் போகிற ஒரு காலை அது. அருப்புக்கோட்டையில் நாங்கள் குடியிருக்கிற வாடகை வீட்டின் பின்பக்கம், துவைக்கிற கல்லின்மேல் என் மனைவி செல்வி உட்கார்ந்திருந்தாள். மடியில் கவின். அவனுக்கு இரண்டு வயது நிறைய இன்னும் இரண்டு மாதம் இருந்தது. ஒரு கையால் அம்மாவின் தாலிக்கயிற்றையும் மறுகையால் தன் கால் பெருவிரலையும் பிடித்துக்கொண்டு, கண்ணை மூடிப் பால் குடித்துக்கொண்டிருந்தான்.

நான் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நின்றேன். ஆறு வயது மகள் யாழினி தொப்பி வைத்து, செருப்பு மாட்டி, வாசலுக்கும் பின்பக்கத்துக்கும் நடந்துகொண்டிருந்தாள்.

“பஸ்ஸு போயிரும்ப்பா,” என்றாள்.

“போனா அடுத்த பஸ்ஸு வரும்,” என்றாள் செல்வி, யாரையும் பார்க்காமல்.

அது கடைசித் தடவை. எங்கள் மூன்று பேருக்கும் அது தெரியும். குடித்துக்கொண்டிருந்தவனுக்குத் தெரியாது.

வாயெடுத்தவன் அவளைப் பார்த்துச் சிரித்தான். மேலுதட்டில் பால் ஒட்டியிருந்தது. அதைத் துடைக்கப் போன கையை அவள் பாதியிலேயே நிறுத்திக்கொண்டாள். அப்படியே தூக்கி என்னிடம் நீட்டினாள்.

“கொண்டு போங்க. வாசல்ல நின்னு டாட்டா காட்டச் சொல்லாதீக.”

எதிர்த்தெருவில் விசைத்தறிகள் ஓடத் தொடங்கியிருந்தன. அந்தச் சத்தத்தில் அவள் கதவைச் சாத்தியது எனக்குக் கேட்கவில்லை. திரும்பிப் பார்த்தபோது சாத்தியிருந்தது.

செல்வி சொன்ன வார்த்தை

எங்கள் வீட்டில் முதலில் பள்ளிக்கூடம் போனவன் நான் என்பதை இந்தத் தொடரில் பலமுறை எழுதிவிட்டேன். அடிக்கடி எழுதுகிறேன் என்று ஒரு வாசகர் கடிதத்தில் குறைபட்டுக்கொண்டார். உண்மைதான். என்ன செய்வது, எதை எடுத்து எழுதப் போனாலும் அங்கேதான் போய் நிற்கிறது.

செல்வியும் அப்படித்தான். அவர்கள் வீட்டில் முதலில் படித்தவள். நர்ஸ் படிப்பு முடித்து, அந்தச் சான்றிதழைப் பிளாஸ்டிக் உறையில் போட்டுப் பீரோவுக்குள் வைத்துவிட்டு, இரண்டு பிள்ளை பெற்றாள். வருடா வருடம் விண்ணப்பம் போட்டுக்கொண்டிருந்தாள். வராது என்று நாங்கள் இருவருமே ஒருவருக்கொருவர் சொல்லாமல் முடிவு கட்டியிருந்த ஒரு நாளில் உத்தரவு வந்தது. ராமநாதபுரம் தாண்டி ஓர் ஊரில் அரசு மருத்துவமனை. சித்திரை பிறந்ததும் போய்ச் சேர வேண்டும். வாரம் முழுக்க அங்கேயே தங்கல், மாறி மாறி ராத்திரி டூட்டி. பால்குடிப் பிள்ளையை வைத்துக்கொண்டு பார்க்கிற வேலை இல்லை.

எனக்கு இங்கே தனியார் பள்ளியில் கணக்கு வாத்தியார் வேலை. யாழினிக்கும் பள்ளி இங்கேதான். எல்லோரும் பெயர்த்துக்கொண்டு போக வழியில்லை.

உத்தரவு வந்த மூன்றாம் நாள் அரிசி களைந்துகொண்டே சொன்னாள்.

“மூணு நாளு பாப்போம். அவன் பால மறந்துட்டா நான் போறேன். மறக்கலேன்னா அந்தக் காயிதத்தக் கிழிச்சுப் போட்ருவேன். அதுக்கு மேல எங்கிட்டப் பேசக் கூடாது.”

நான் சரி என்றேன். ஆனால் மனதுக்குள் அவள் போக வேண்டும் என்றுதான் இருந்தது. படித்த படிப்பு பீரோவுக்குள் கிடக்கக் கூடாது என்று எனக்கு ஒரு பிடிவாதம். இன்றைக்கும் உண்டு.

பால் மறக்கடிக்க எங்கள் பக்கத்தில் இரண்டு வழி. ஒன்று, வேப்பெண்ணெயோ அரைத்த வேப்பிலையோ தடவுவது. பிள்ளை வாயை வைத்து, முகத்தைச் சுளித்து, ஒரே நாளில் விட்டுவிடும். இன்னொன்று, பிள்ளையை மூன்று நாளோ ஐந்து நாளோ தாய் கண்ணில் படாமல் வேறு வீட்டில் கொண்டுபோய் வைப்பது.

“தடவுறதுன்னா லேசுல முடிஞ்சிரும். எனக்கும் தெரியும்,” என்றாள் செல்வி. “ஆனா எம்மேல வாய வச்சு அவன் மொகத்தச் சுளிக்கிறத என்னால பாக்க முடியாது. கொண்டு போய் வச்சுக்கோங்க. அவன் என்னயத் தேடட்டும். கண்டு ஒதுங்கக் கூடாது.”

அவன் என்னைத் தேடட்டும். அந்தச் சொல்லை நான் அன்றைக்குச் சரியாகக் காதில் வாங்கவில்லை.

கரிமூட்டத்தில்

கொண்டுபோய் வைத்த வீடு, பாலவனத்தத்தில் வாக்கப்பட்டிருக்கிற என் அக்கா மாரியின் வீடு. எனக்கும் அக்காவுக்கும் ஒன்பது வயது வித்தியாசம். அம்மா இறந்த பிறகு எங்களுக்கு எதற்கும் அக்காதான். மச்சானுக்கு ஊர் ஓரத்தில் கிணறும், அரை ஏக்கர் மல்லித் தோட்டமும் உண்டு. தோட்டத்தை ஒட்டியே வீடு.

பஸ்ஸை விட்டு இறங்கி நடந்து போனதும், கவினை வாங்கி இடுப்பில் வைத்துக்கொண்டு அக்கா ஆரம்பித்துவிட்டாள்.

“இவன் அப்பன் எப்பப் பால மறந்தான் தெரியுமா யாழினி? பள்ளிக்கூடத்துல சேக்குற வரைக்கும் குடிச்சான்.”

“அப்பாவா?” என்று யாழினி என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

நான் பேச்சை மாற்றப் பார்த்தேன். அக்கா விடுகிற ஆளில்லை.

திருச்சுழி தாண்டி இருந்த எங்கள் ஊரில் அப்போது வேலை என்றால் சீமைக்கருவேலம் வெட்டுவது, மூட்டம் போட்டுக் கரியாக்குவது. அப்பாவும் அம்மாவும் அதற்குத்தான் போவார்கள். உச்சி வெயிலில் அக்கா என்னை இடுப்பில் வைத்துக்கொண்டு மூட்டத்துக்கு நடப்பாள். அம்மா கரி படிந்த கையைச் சேலையில் துடைத்துவிட்டு, ஒரு கருவேல நிழலில் உட்கார்ந்து பால் கொடுப்பாள். குடித்து முடித்தால் என் வாயைச் சுற்றிக் கறுப்பாக ஒரு வட்டம் இருக்குமாம். நடக்கத் தெரிந்த பிறகு நானே மூட்டத்துக்கு நடந்து போய்க் கேட்டுக் குடித்தேனாம்.

“வாத்தியார் வந்து, பயல ஒண்ணாப்புல சேக்கணும்னாரு. அன்னைக்குத்தான் எங்கம்மா வேப்பிலைய அரைச்சுத் தடவுச்சு. இவன் என்ன பண்ணுனான்? தண்ணிய மோந்துட்டு வந்து கழுவிட்டுக் குடிச்சான்.”

யாழினி விழுந்து விழுந்து சிரித்தாள். கவினுக்கு ஒன்றும் புரியாமல், அவள் சிரித்ததால் அவனும் சிரித்தான்.

“ஏலே, ஓம் மகன் ஒன்னய மாதிரி இருந்தான்னா செல்வி வேலைக்குப் போன மாதிரிதான்,” என்றாள் அக்கா.

நான் கொண்டுபோன சேலை

நான் ஒரு தப்புச் செய்தேன். படித்தவன் செய்கிற தப்பு.

பிள்ளைகளைப் புது இடத்துக்குக் கொண்டுபோகும்போது பழகிய பொருள் ஏதாவது கூடவே இருந்தால் ஏக்கம் வராது என்று போனில் எங்கேயோ படித்திருந்தேன். கவினுக்கு வீட்டில் தொட்டில் கட்டுவது செல்வியின் ஒரு பழைய நூல் சேலையில். நீலத்தில் சின்னச் சின்ன வெள்ளைப் புள்ளி. அதை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டேன். எனக்கே என்மேல் ஒரு மெச்சுதல்.

முதல் நாள் மத்தியானம். வீட்டில் அந்த நேரம் அவன் பால் குடித்துக்கொண்டே தூங்கிப் போவான். பருப்புச் சாதம் நாலு வாய் தின்றிருந்தான். கரண்ட் போயிருந்தது. வெளியே வேப்பம்பூ உதிர்ந்து முற்றம் முழுக்கக் கிடந்தது. காற்று அடித்தது, ஆனால் அடுப்பைத் திறந்தது மாதிரி அடித்தது. அக்கா தோட்டத்துக்குப் போயிருந்தாள். நான் விட்டத்தில் சேலையைக் கட்டி அவனைப் போட்டேன்.

உடனே அமைதியாகிவிட்டான். பார்த்தாயா என்று யாழினியைப் பார்த்தேன்.

கொஞ்ச நேரத்தில் தொட்டிலுக்குள் அசைவு தெரிந்தது. எட்டிப் பார்த்தேன். முகத்தைச் சேலைக்குள் புதைத்துக்கொண்டு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் வாயால் தேடிக்கொண்டிருந்தான். ஓர் இடத்தில் துணியைக் கவ்விச் சப்பினான். அது சொதசொத என்று நனைந்துவிட்டது. விட்டுவிட்டு வேறோர் இடம் தேடினான். பிறகு எழுந்து உட்கார்ந்தான்.

“இங்கா,” என்றான்.

பாலுக்கு அவன் சொல்கிற பெயர் அதுதான். நான் தண்ணீர் கொடுத்தேன். தட்டிவிட்டான்.

“அம்மா இங்கா.”

அதற்குப் பிறகு அழத் தொடங்கியவன் நிறுத்தவில்லை. அதுவரை நான் கேட்டிராத அழுகை. தோளில் போட்டுத் துண்டால் மூடிக்கொண்டு தோட்டத்து வரப்பில் நடந்தேன். என் கழுத்திலும் தோளிலும் வாயை வைத்து வைத்துப் பார்த்தான். யாழினி பின்னாலேயே ஓடி வந்து, “அம்மா டவுனுக்குப் போயிருக்குடா, வந்துரும்டா,” என்று சொல்லிக்கொண்டே வந்தாள். அப்படிச் சொல்லச் சொல்லி நாங்கள்தான் அவளுக்குச் சொல்லிக் கொடுத்திருந்தோம். கொஞ்ச நேரத்தில் அவளும் அழுதாள்.

சத்தம் கேட்டு அக்கா வந்தாள். வீட்டுக்குள் போய்த் தொட்டிலைப் பார்த்துவிட்டு வெளியே வந்தாள்.

“அது யாரு சேல?”

“செல்வியோடது.”

“தொவைச்சதா, கட்டி அவுத்ததா?”

நான் பிள்ளையைத் தோள் மாற்றிப் போட்டுக்கொண்டேன்.

“தாய மறக்கடிக்கக் கொண்டாந்த இடத்துக்குத் தாய் வாசத்தையும் மடிச்சு எடுத்துட்டு வந்திருக்கியே. இதையும் போனுலதான் படிச்சியா?”

சேலையை அவிழ்த்துத் தொட்டித் தண்ணீருக்குள் அமுக்கிவிட்டு, மச்சானைக் கூப்பிட்டாள். மச்சான் காலையில் இறக்கி வைத்திருந்த நுங்கைச் சீவினார். அக்கா கவினை மடியில் போட்டு, நுங்கின் கண்ணில் பெருவிரலால் ஓர் ஓட்டை போட்டு, அவன் வாயோடு வைத்தாள். அழுதுகொண்டே உறிஞ்சினான். குளுகுளுவென்று தண்ணீர் இறங்கியதும் அழுகை தடைபட்டது. இன்னொரு கண். இன்னொன்று. மூன்றாவதில் அவனுக்குக் கண் சொருகியது.

தூங்கும்போதும் விம்மல் வந்துகொண்டே இருந்தது. ஒவ்வொரு விம்மலுக்கும் அவன் வாய் சப்பியது.

சாயங்காலம் செல்வி போன் செய்தாள்.

“அழுதானா?”

“லேசா. பஸ்ஸுல வந்த அசதி.”

“கேட்டானா?”

நான் முற்றத்தில் நின்றிருந்தேன். அக்கா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். யாழினியும்தான்.

“இல்ல,” என்றேன்.

மல்லி

மறுநாள் விடிவதற்குள் தோட்டத்தில் பூ எடுக்க ஆரம்பித்துவிட்டார்கள். பங்குனி, சித்திரையில் மல்லி கொட்டும். எடுத்து மாளாது. விரிவதற்கு முன்னால், அரிசி மாதிரி மொட்டாக எடுத்துச் சந்தைக்கு அனுப்ப வேண்டும்.

அக்கா யாழினியின் இடுப்பில் ஒரு துணியை மடி மாதிரி கட்டிவிட்டாள். “இந்த வரிசை முழுக்க அம்மாவுக்கு. நல்ல மொட்டாப் பாத்து எடு.”

பால் கட்டிக்கொண்டால் மார்பில் மல்லிகைப் பூவை வைத்துத் துணியால் இறுக்கிக் கட்டுவார்கள். வாட வாடப் புதுப்பூ மாற்றுவார்கள். சுரப்பு வற்றிவிடும் என்பது எங்கள் பக்கத்துப் பெண்களின் வழக்கம். யாழினிக்கு இது தெரியாது. தலைக்கு வைக்க என்று நினைத்துக்கொண்டு மும்முரமாக எடுத்தாள்.

கவினும் எடுத்தான். செடி அவன் உயரம்தான். ஒரு மொட்டைப் பிய்த்து, உள்ளங்கையில் நசுக்கி, முகர்ந்து, ஓடிவந்து யாழினியின் மடியில் போடுவான். மறுபடியும் ஓடுவான். அவன் போட்டவை பாதி இலையும் பாதி நசுங்கின பூவுமாக இருந்தன. அவற்றைப் பொறுக்கி வெளியே போடப் போனேன்.

“கெடக்கட்டும் விடு,” என்றாள் அக்கா.

ஈரத்துணியில் சுற்றி, மச்சானின் வண்டியை வாங்கிக்கொண்டு அருப்புக்கோட்டைக்குப் போனேன். பக்கத்து வீட்டு அக்கா வாசலிலேயே பூவை வாங்கிக்கொண்டார். அவருடைய வீட்டுக்காரர் வளைகுடாவில் இருக்கிறார். நாலு பிள்ளைக்குப் பால் கொடுத்து மறக்கடித்தவர்.

“நீங்க வெளிய இருங்க தம்பி. இந்த நேரத்துல ஆம்பளைக்கு இங்க என்ன வேல,” என்று கதவைச் சாத்தினார்.

உள்ளே செல்வியின் குரல் கேட்டது. “நாங்க படிச்சப்ப வார்டுல இதுக்கு முட்டைக்கோஸ் எலைன்னு சொல்லிக் குடுத்தாங்கக்கா. மதினி மல்லிங்கிறாக. கூட்டு வைக்கிற வாசத்துக்கு இந்த வாசம் தேவல.” இருவரும் சிரித்தார்கள். சிரிப்பின் நடுவே, “அம்மா, மெதுவா,” என்று செல்வி முனகினாள்.

பிறகு நான் உள்ளே போனேன். காய்ச்சல் கண்ட மாதிரி அவள் முகம் சிவந்திருந்தது. கையை உடம்போடு ஒட்ட முடியாமல் அகட்டி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

“என்ன சாப்பிட்டான்?”

“இட்லி. நுங்கு.”

“நுங்கா? அவனுக்குக் குடுத்துப் பழக்கமில்லையே.” முந்தானையை இழுத்து விட்டுக்கொண்டாள். “தேடுறானா?”

“வெளாட்டுல இருக்கான். பூ எடுக்குறான். இதுல அவன் எடுத்த பூவும் இருக்கு.”

சொல்லியிருக்கக் கூடாது. அவள் குனிந்து தன் மார்பைப் பார்த்துக்கொண்டாள்.

செருப்பு

மூன்றாம் நாள் காலை நான் பூவோடு போனபோது வாசல் கதவு திறந்திருந்தது. செல்வி குளித்து, சேலை மாற்றி, கையில் பர்ஸோடு நின்றாள். காலில் செருப்பு.

வீடு கல்யாண வீடு மாதிரி மல்லி மணந்தது. அதற்கு அடியில் புளித்த பால் வாடை. சேலைக்கு உள்ளே துண்டு வைத்திருந்தும் தோளுக்குக் கீழே நனைந்திருந்தது.

“நானும் வாரேன்,” என்றாள்.

“எங்க?”

“எங்கயா? எம்புள்ள இருக்கிற எடத்துக்கு. ஒரே ஒரு தடவ குடுத்துட்டு வந்துர்றேன். வலிக்குது. எதிர்த்தெருவுல ஒரு புள்ள அழுகுது, இங்க எனக்குச் சொரக்குது. இதுக்கு மேல என்னால ஆகாது.”

“இன்னும் ஒரு நாள்தானே செல்வி.”

“வேல எங்க போகுது. இது இல்லேன்னா இன்னொண்ணு வரும். வண்டிய எடுங்க.”

இன்னொன்று வராது. அவளுக்கும் தெரியும். போனால் கவின் குடிப்பான், அவளும் கொடுப்பாள், உத்தரவுக் காகிதம் கிழியும். வண்டிச் சாவி என் கையில் இருந்தது. அவள் முகத்தைப் பார்த்துத்தான் சொன்னேன்.

“அவன் கேக்கவே இல்ல செல்வி. முத நாள்ல இருந்து ஒரு தடவகூடக் கேக்கல.”

அவள் அப்படியே நின்றாள்.

“ஒரு தடவகூடவா?”

“ம்ஹூம்.”

“மத்தியானந் தூங்கும்போது?”

“அக்கா மடியில தூங்கிர்றான்.”

அவள் வலது காலால் இடது காலின் செருப்பைத் தள்ளினாள். பிறகு மற்றதையும். சுவரோரமாக இரண்டையும் காலாலேயே சேர்த்து வைத்தாள்.

“நல்லதுதான்,” என்றாள். “அதுக்குத்தானே அனுப்புனது.”

பர்ஸை மேசைமேல் வைத்துவிட்டு, பூவை வாங்கிக்கொண்டு உள்ளே போனாள். கட்டிவிடப் பக்கத்து வீட்டு அக்காவைக்கூடக் கூப்பிடவில்லை.

நாலாம் நாள்

பிள்ளைகளோடு வீடு திரும்பினோம். பஸ்ஸிலேயே யாழினியிடம் சொல்லிவிட்டேன். தம்பி அழுததை அம்மாவிடம் சொல்லக் கூடாது, சொன்னால் அம்மா வேலைக்குப் போக மாட்டாள், அழுதுகொண்டே இருப்பாள். யாழினி சரி என்று தலையாட்டினாள். ஆறு வயதுப் பிள்ளை. ஏன் என்றுகூடக் கேட்கவில்லை.

செல்வி கழுத்து ஏறின ரவிக்கை போட்டு, சேலையைச் சுற்றி இழுத்துச் செருகிக்கொண்டு வாசலில் நின்றாள். கவின் என் கையிலிருந்து தாவினான். அவள் கழுத்தில் முகத்தை வைத்தான். தாலிக்கயிற்றைத் தேடி எடுத்துப் பிடித்துக்கொண்டான். அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றது எனக்குத் தெரிந்தது. கேட்டால் எப்படிச் சமாளிப்பது, என்ன சொல்லித் திசை திருப்புவது என்று மூன்று நாளாக யோசித்து வைத்திருப்பாள். டம்ளரில் ஆற்றின பால்கூடத் தயாராக இருந்தது.

அவன் இறங்கினான். நேராக மூலையில் கிடந்த தன் சைக்கிளிடம் போனான்.

அவள் டம்ளரை எடுத்துக்கொண்டு பின்னாலேயே போனாள். இரண்டு கையாலும் பிடித்துக் குடித்தான். மேலுதட்டில் ஒட்டியதைப் புறங்கையால் தானே துடைத்துக்கொண்டான். அந்தப் பழக்கத்தை அக்கா வீட்டில் கற்றுக்கொண்டிருந்தான்.

அன்று மத்தியானம் அவள் அடுப்படியில் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

“கேட்டிருந்தாலும் நான் குடுத்திருக்க மாட்டேன்,” என்றாள்.

“ம்.”

“இருந்தாலும் ஒரு தடவ கேட்டிருக்கலாம்.”

அப்போது சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் போக மாட்டாளோ என்று பயந்தேன். சித்திரை பிறந்த அந்த வாரமே அவள் ராமநாதபுரம் பஸ் ஏறினாள். போன பிறகு சொல்லியிருக்கலாம். போன பிறகு, இனி எதற்கு அவளைக் கலங்க வைக்க வேண்டும் என்று நினைத்தேன். இப்படியே ஒவ்வொரு மாதமும் ஒரு காரணம் கிடைத்தது.

யாழினி கேட்டது

மூன்று கோடை போய்விட்டது. செல்வி சனிக்கிழமை சாயங்காலம் வருகிறாள், திங்கள் விடியும் முன் போகிறாள். அவள் வராத வாரங்களும் உண்டு. அவளுடைய வார்டில் அவளைக் கேட்காமல் எதுவும் நடக்காது என்கிறார்கள். அவள் போனது சரி என்றுதான் இன்றைக்கும் சொல்வேன். ஆனால் வியாழக்கிழமை வாக்கில் இந்த வீட்டுக்குள் இருந்து பார்க்க வேண்டும். கொடியில் அவள் சேலை எதுவும் கிடக்காது. யாழினி அவளாகவே ஒற்றைப் பின்னல் போட்டுக்கொண்டு, வகிடு சரியா என்று என்னிடம் வந்து குனிவாள். எனக்கு வகிடு பார்க்கத் தெரியாது. சரி என்பேன்.

கவினுக்கு இப்போது ஐந்து வயது. போனில் அம்மாவிடம் அவன் கொஞ்சும்போதெல்லாம் செல்வி சொல்கிற கேலி ஒன்று உண்டு. “சும்மா நடிக்காதடா. மூணே நாள்ல என்னய மறந்த பயதான நீயி.”

சிரித்துக்கொண்டுதான் சொல்வாள். இவனுக்கும் அதில் ஒரு பெருமை. தெருவில் மற்ற பிள்ளைகளிடம், “நான் மூணே நாள்ல மறந்துட்டேன்,” என்று சொல்லிக்கொண்டு திரிகிறான். எதை என்று அவனுக்கே தெரியாது.

போன வாரம் அப்படி அவள் சொல்லி, இவன் சிரித்து, போனை வைத்தான். பக்கத்தில் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்த யாழினி நிமிர்ந்தாள். அவளுக்கு ஒன்பது வயது.

“அப்பா, தம்பி அன்னைக்கு அழுதத இன்னமும் அம்மாகிட்டச் சொல்லக் கூடாதா?”

அவள் அதை மறந்திருப்பாள் என்றே நினைத்திருந்தேன்.

“ஒவ்வொரு தடவயும் அம்மா அதச் சொல்றப்ப எனக்கு ஒரு மாதிரி இருக்குப்பா,” என்றாள். பிறகு குனிந்து எழுதத் தொடங்கினாள்.

இந்தத் தொடரின் ஒவ்வோர் அத்தியாயத்தையும் செல்வி படித்துப் பார்த்த பிறகே அனுப்புவேன். இதை மட்டும் அவளிடம் காட்டவில்லை. அவள் தங்கியிருக்கிற அறையில் மூன்று நர்ஸுகள் இந்தப் பத்திரிகையை மாற்றி மாற்றிப் படிக்கிறார்கள். அவள் கைக்கு வரும்போது வரட்டும்.

செல்வி, அவன் கேட்டான்.

முதல் நாள் மத்தியானம் கேட்டதை மேலே எழுதிவிட்டேன். அன்று சாயங்காலம் நீ போனில் பேசியபோது, உன் குரல் வெளியே கேட்டுவிட்டது. அவன் ஓடிவந்து என் கையைப் பிடித்து இழுத்தான். அதனால்தான் பாதியில் வைத்தேன். சிக்னல் இல்லை என்று பிறகு சொன்னது பொய்.

இரண்டாம் நாள் ரோட்டில் எந்த பஸ் நின்றாலும் அக்கா வீட்டு வேலிக்கு ஓடினான். படலைப் பிடித்துக்கொண்டு, இறங்குகிற ஆட்களை ஒவ்வொருவராகப் பார்த்தான். பஸ் போன பிறகும் நின்றான். திரும்பி வந்து என்னிடம், “அம்மா இங்கா,” என்றான். அழவில்லை. எனக்குத் தெரியாத ஒரு விஷயத்தைச் சொல்வது மாதிரி சொன்னான்.

மூன்றாம் நாள், நீ செருப்பைக் கழற்றிய அன்றைக்கு, நான் திரும்பிப் போய் வேர்வையோடு கட்டிலில் சாய்ந்து கிடந்தேன். பக்கத்தில் வந்து ஏறினான். என் பனியனை மேலே தூக்கினான். பார்த்தான். ஒரு விரலால் தொட்டான். மறுபடி பனியனைக் கீழே இழுத்து, சுருக்கம் இல்லாமல் கையால் நீவிவிட்டான். பிறகு என்மேல் தலையை வைத்துப் படுத்துக்கொண்டான். அதற்குப் பிறகுதான் கேட்கவில்லை.

சனிக்கிழமை வரும்போது என்னைத் திட்டு. யாழினியையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு திட்டு.